வெளிநாட்டில் கம்பும் கேழ்வரகும் தேடுவோருக்கு: கேள்வி பதில்

கேள்வி (டல்லாஸ்): அக்கா, இந்தியக் கடையில் வாங்கும் கம்பு மாவு எப்போதும் கசக்கிறது. நல்ல பிராண்ட் ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: பிராண்டை மாற்றிப் பயனில்லை தம்பி. கம்பில் சுமார் 5 சதவீதம் கொழுப்பு உண்டு. அரைத்ததுமே அது கெடத் தொடங்கிவிடும். மாவு கப்பலேறி, கிடங்கில் கிடந்து உங்கள் கைக்கு வர எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முழுக் கம்பாக வாங்குங்கள், அது லேசில் கெடாது. கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசறி, சிறிது நேரம் ஊறவிட்டு மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டினால் தோல் கழன்று வரும். புடைத்துவிட்டு ரவையாக உடைத்துக்கொள்ளலாம். அங்கங்கே தோல் ஒட்டியிருந்தால் இருக்கட்டும், சத்து அதில்தான் இருக்கிறது. மிஞ்சியதை ஃப்ரீசரில் வையுங்கள்.

கேள்வி (ஜெர்மனியில் ஒரு சிற்றூர்): இங்கே 'ஹிர்சே' என்று மஞ்சளாக விற்கிறார்கள். தினையா?

பதில்: இல்லை, பனிவரகு. உமி நீக்கியது. பொங்கலுக்கு அருமையாக வரும்.

கேள்வி (சியாட்டில்): ஊரிலிருந்து மாப்பிள்ளை சம்பாவும் கருப்பு கவுனியும் பெட்டியில் கொண்டு வரலாமா?

பதில்: அமெரிக்காவுக்கு வேண்டாம். சேமித்த தானியத்தைத் தின்று அழிக்கும் கப்ரா வண்டு உள்ள நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவரத் தடை இருக்கிறது. இந்தியா, இலங்கை இரண்டுமே அந்தப் பட்டியலில் உண்டு. பிறகு கொண்டைக்கடலையையும் அந்தத் தடையில் சேர்த்துவிட்டார்கள். சுங்கத்தில் முன்கூட்டியே சொன்னால் அரிசியைப் பறிகொடுப்பதோடு முடியும், மறைத்து மாட்டினால் அபராதமும் சேரும்.

கேள்வி (நியூஜெர்சி): சாமை, வரகெல்லாம் கிடைக்கிறது. பாலிஷ் போட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. கம்பு, கேழ்வரகு, சோளம் மூன்றுக்கும் தனியாக உமி நீக்கும் வேலை இல்லை, அதனால் முழுத் தானியமாக வாங்கினால் தவிடு அதிலேயே இருக்கும். சாமை, தினை, வரகு, குதிரைவாலி அப்படியில்லை. உமியை எடுத்தே ஆக வேண்டும், எடுக்கும் கையோடு ஆலையில் தவிட்டையும் உரித்துவிடுகிறார்கள். கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைவெளேரென்று ஒரே நிறமாக, முளை இருந்த இடத்தில் சின்னக் குழியோடு இருந்தால் தீட்டியது. பழுப்போ சாம்பலோ கலந்து மங்கலாக இருந்தால் தவிடு இருக்கிறது. பாக்கெட்டில் 'சிறுதானியம்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

கேள்வி (பாரிஸ்): ஆப்பிரிக்கக் கடையில் கம்பு மாதிரியே இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: தாராளமாக. சாம்பல் பச்சை நிறம், ஒரு முனை கூர், மறுமுனை உருண்டை என்றால் கம்பேதான்.

கேள்வி (லண்டன்): மன்னிக்கணும் அக்கா, ஆப்பிரிக்கக் கம்பில் நம் நாட்டுக் கம்பின் ருசி வராது. அது வேறு ஜாதி.

பதில்: ரகம் வேறாக இருக்கலாம், பயிர் ஒன்றுதான். 4,000 ஆண்டுகளுக்கு முன்பே இன்றைய மாலி நாட்டுப் பக்கம் விளைவித்து, அங்கிருந்து நம் ஊருக்கு வந்த தானியம் அது. கேழ்வரகுக்கும் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். கென்யா, உகாண்டா கடைகளில் கேழ்வரகு மாவு கிடைக்கும்.

கேள்வி (லண்டன்): நான் கூழ் காய்ச்சிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பதில்: முழுத் தானியமா, மாவா?

கேள்வி (லண்டன்): மாவுதான்.

பதில்: அப்புறம் என்ன? பழைய மாவு எந்த நாட்டுக் கம்பாக இருந்தாலும் கசக்கும். முழுசாக வாங்கி உடைத்துக் காய்ச்சி, ஒரு ராத்திரி புளிக்கவிட்டு, மோர், சின்ன வெங்காயத்தோடு குடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

கேள்வி (அட்லாண்டா): அரிசி, வெறும் ஐந்து கிலோ மட்டும்...

பதில்: ஒரு கிலோவும் கூடாது. மேலே சியாட்டில்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (சிட்னி): பறவைகளுக்கு விற்கும் தினை மலிவாக இருக்கிறதே?

பதில்: வேண்டவே வேண்டாம். மனிதர் உண்ணும் தரத்துக்கு அதைச் சுத்தம் செய்வதில்லை.

கேள்வி (டொராண்டோ): சர்க்கரைக்கு எந்தச் சிறுதானியம் நல்லது?

பதில்: அதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (சிகாகோ): குளிரில் கேழ்வரகு முளைகட்டவே மாட்டேன் என்கிறது. குழந்தைக்குக் கூழ் மாவு வேண்டும்.

பதில்: இரவு ஊறவைத்து, தண்ணீர் வடித்து, ஈரத்துணியில் கட்டி, ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வையுங்கள், அந்தச் சூடே போதும். முளை விட்டதும் நன்றாகக் காயவைத்து, வறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள். மொத்தமாக அரைத்து டப்பாவில் அடைக்காதீர்கள்.