கீறல் போச்சு, மங்கல் வந்துச்சு!

கேள்வி: கார் பின்கதவில் இருந்த கீறலை 1500 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்தேன். கீறல் போய்விட்டது. ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடம் பாலாடை படிந்ததுபோல் வெளுத்துக் கிடக்கிறது. வாக்ஸ் போட்டால் பளபளக்கிறது, நாலு தடவை கழுவினால் பழையபடி ஆகிவிடுகிறது. பெயிண்ட் அடித்தே ஆக வேண்டுமா? - வாசகர், ஈரோடு

பதில்: அநேகமாக வேண்டாம். ஒரு பெரிய கீறலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆயிரக்கணக்கான பொடிக் கீறல்களைப் போட்டிருக்கிறீர்கள். வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறுவதால்தான் வெளுப்பாகத் தெரிகிறது. வாக்ஸ் அந்தப் பள்ளங்களை நிரப்பி மறைக்கும். கரைந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

1500-க்குப் பிறகு நேராக ரப்பிங் காம்பவுண்டு (பெயிண்டைத் தேய்த்து மெருகேற்றும் பசை) எடுத்துக் கையால் தேய்த்தால் தோள்வலிதான் மிஞ்சும். முதலில் 2000, அடுத்து 3000 நம்பர் பேப்பர்; நம்பர் ஏற ஏறப் பேப்பர் நைஸாகும். இரண்டையும் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவையுங்கள்; தண்ணீரில் ரெண்டு சொட்டு கார் ஷாம்பு விடலாம். பேப்பரை விரல் நுனியால் அழுத்தாதீர்கள், விரல் வாகில் குழி விழும். மெத்தென்ற ரப்பர் கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். 2000 பேப்பரை இடவலமாக ஓட்டினால் 3000 பேப்பரை மேல்கீழாக ஓட்டுங்கள். பழைய கோடுகள் மறைந்துவிட்டனவா என்பது அப்போது பளிச்சென்று தெரியும். ஒரு கோடு மிஞ்சியிருந்தாலும் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள், கடைசியில் அதுதான் கண்ணை உறுத்தும்.

அதன் பிறகு காம்பவுண்டு. டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் (பேடைச் சுழற்றியபடியே ஆட்டும் மெஷின்) வாடகைக்குக் கிடைத்தால் வேலை பாதியாகும். ஃபோம் பேடில் பட்டாணி அளவில் நாலைந்து பொட்டு வைத்து, மெஷினை ஓடவிடாமலே அந்த இடத்தில் தடவிவிட்டுப் பிறகு சுவிட்சைப் போடுங்கள். இல்லாவிட்டால் சட்டையெல்லாம் காம்பவுண்டுதான். ஆறு வேகம் உள்ள மெஷினில் நாலு அல்லது ஐந்து போதும். ஒன்றரை அடிச் சதுரத்துக்குள் மெதுவாக நாலைந்து முறை ஓட்டித் துடையுங்கள். கடைசியாக மிருதுவான பேடில் ஃபைன் பாலிஷ். எல்லாமே நிழலில், தகடு தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது. வெயிலில் காம்பவுண்டு நிமிடத்தில் காய்ந்து, அதுவே கீறத் தொடங்கும்.

பளபளப்பு வந்ததும் ஏமாந்துவிடாதீர்கள். பாலிஷில் உள்ள எண்ணெயும் வாக்ஸ் மாதிரியே கீறலை மறைக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். அப்போதும் தெளிவாக இருந்தால்தான் வேலை முடிந்தது. வாக்ஸ் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: என் கார் மெட்டாலிக் சாம்பல் நிறம். காம்பவுண்டு போட்டுத் தேய்க்கும்போது துணியில் சாம்பல் நிறம் ஏறுகிறது. மங்கலைச் சுற்றி மேப்பில் வரைந்த எல்லைக்கோடு மாதிரி ஒரு வளையமும் தெரிகிறது. இன்னும் தேய்க்கலாமா? - வாசகர், நாகர்கோவில்

பதில்: உடனே நிறுத்துங்கள். மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான க்ளியர் கோட் போய், நிறம் இருக்கும் பேஸ் கோட்டைத் தொட்டுவிட்டீர்கள். அந்த வளையம்தான் க்ளியர் கோட்டின் விளிம்பு. கம்பெனி பெயிண்டில் க்ளியர் கோட்டின் கனம் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. பாடி லைனிலும் (தகடு மடியும் கோடு) ஓரங்களிலும் அது இன்னும் குறைவு. அதனால்தான் தேய்க்குமுன் அந்த விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்வார்கள்.

தண்ணீர் தெளித்தால் மங்கல் மறைகிறதே என்று பலர் நம்பி மேலும் தேய்க்கிறார்கள். ஈரம் பட்டால் க்ளியர் போன இடமும் பளபளக்கும்; அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. துணியில் ஏறும் நிறமும் வளையமும்தான் சாட்சி. (க்ளியர் கோட்டே இல்லாத பழைய சாலிட் கலர் பெயிண்டில் துணியில் நிறம் ஏறுவது சகஜம். மெட்டாலிக்கில் அப்படி இல்லை.)

பேஸ் கோட் இயல்பிலேயே மங்கல்தான், எந்த பாலிஷும் அதை மினுக்காது. புது க்ளியர் அடிக்க வேண்டும். பெயிண்ட் ஷாப்பில் "அந்த இடத்துக்கு மட்டும் லேசாக அடித்துவிடுங்கள்" என்று சொல்லாதீர்கள். கதவின் நடுவிலேயே நிறுத்திய க்ளியரின் விளிம்பு சில மாதங்களில் தெரிய ஆரம்பித்து, உரியவும் செய்யலாம். கதவு முழுக்க க்ளியர் அடிப்பதுதான் சரி. ஹார்டனர் கலந்த டூ-கே க்ளியரை வீட்டு வாசலில் அடித்துப் பார்க்கவும் வேண்டாம். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைப் பாதிக்கும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

கேள்வி: கதவில் நன்றாக வந்த பாலிஷ் பம்பரில் மட்டும் புகைபடிந்ததுபோல் ஆகிவிட்டது. ஏன்? - வாசகர், தஞ்சாவூர்

பதில்: சூடுதான். தகடு சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பம்பரில் அது ஒரே இடத்தில் தங்கி பெயிண்டை இளக்கிவிடும். பெயிண்ட் சுருண்டோ கொப்புளித்தோ இருந்தால் பாலிஷால் பயனில்லை, மறுபெயிண்ட்தான். வெறும் மங்கல் என்றால் ஒரு நாள் ஆறவிட்டு, வேகத்தை மூன்றுக்கு இறக்கி, ஃபைன் பாலிஷ் மட்டும் போடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டினால் மெஷினை எடுத்துவிடுங்கள்.