லூப் எடுத்த பிறகு ரத்தப்போக்கு அதிகமானால்?

கேள்வி: எனக்கு வயது 39. ஐந்து வருடம் ஹார்மோன் லூப் (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) வைத்திருந்தேன். கடைசி மூன்று வருடம் பீரியட்ஸ் வரவே இல்லை எனலாம். இரண்டு மாதத்துக்கு முன் எடுத்துவிட்டேன். முதல் மாதம் லேசாகப் பட்டதோடு சரி. இப்போது ஏழு நாளாகக் கட்டி கட்டியாகப் போகிறது. எடுக்கும்போது கருப்பையில் காயம் பட்டிருக்குமா?

பதில்: காயம் என்ற பயம் வேண்டாம். லூப்பை வெளியே இழுக்கும்போது ஏற்படும் உரசலில் கொஞ்சம் ரத்தம் கசியலாம். சில நாளில் பழுப்புத் திட்டாகி நின்றுவிடும். இரண்டு மாதம் கழித்து இப்படிப் போவதற்கு அது காரணமாகாது.

ஆனால் முதலில் ஒன்றைச் செய்துவிடுங்கள்: சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. லூப் வெளியே வந்த அன்றே கருத்தரிக்கும் வாய்ப்பு திரும்பிவிடுகிறது. ஒரு மாதம் லேசாகப் பட்டு, அடுத்த மாதம் கட்டியாகப் போனால் அது கரு கலைவதாகவும் இருக்கலாம். இதைப் பார்க்காமல் வேறு எதையும் பேசுவது சரியில்லை.

கர்ப்பம் இல்லை என்றால், பெரும்பாலும் விஷயம் இதுதான். லூப்பில் இருந்த ஹார்மோன் கருப்பையின் உட்சவ்வை வளரவிடாமல் வைத்திருந்தது. ஸ்கேனில் பார்த்தால் அது மெல்லிய கோடு மாதிரிதான் தெரியும். உதிர அங்கே ஒன்றும் இல்லாததால் ரத்தமும் வரவில்லை. இப்போது சவ்வு மறுபடி வளர்கிறது, உதிர்கிறது. முறையாகத் திரும்ப ஒன்று முதல் மூன்று மாதம் பிடிக்கும். இடையில் கருமுட்டை வெளிவராத மாதம் ஒன்று வந்தால் சவ்வு தேவைக்கு மேல் தடித்து, நாள் தள்ளிப்போய், மொத்தமாகக் கொட்டும். காப்பர்-டி (ஹார்மோன் இல்லாத, செம்பு சுற்றிய லூப்) எடுத்தவர்களுக்குக் கதை நேர் எதிர்: செம்பினால் அதிகமாகியிருந்த போக்கும் வலியும் பொதுவாகக் குறையும்.

லூப் வைப்பதற்கு முன் உங்களுக்கு எப்படி இருந்தது? இதை நினைவுபடுத்திப் பாருங்கள். அதிகப் போக்குக்காகவே வைத்திருந்தால், அடக்கி வைத்திருந்த பிரச்சினைதான் திரும்பியிருக்கிறது. அப்போது 34, இப்போது 39 என்பதையும் மறக்க வேண்டாம். இந்த இடைவெளியில் கருப்பையில் நார்த்திசுக் கட்டியோ (ஃபைப்ராய்டு) தைராய்டு கோளாறோ சத்தமில்லாமல் வந்திருக்கக்கூடும்.

ஒரு மாதவிலக்கில் 30 முதல் 40 மில்லி வரை போவது இயல்பு, 80 மில்லியைத் தாண்டினால் அதிகம். வீட்டில் யாரும் அளக்க முடியாது. அதனால் நாப்கினை எண்ணுங்கள். தினம் எத்தனை மாற்றினீர்கள், முழுக்க நனைந்ததா, ரத்தக்கட்டி எவ்வளவு பெரியது என்று காலண்டரிலேயே குறியுங்கள். மருத்துவரிடம் 'ரொம்பப் போகுது' என்பதைவிட இந்தக் குறிப்பு பல மடங்கு உதவும்.

மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, தலைசுற்றல், காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், ஒரு பக்கமாகக் கடுமையான அடிவயிற்று வலி இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், இரவானாலும் சரி. அப்படி இல்லையென்றாலும், எட்டு நாளைத் தாண்டினாலோ அடுத்த மாதமும் இதே அளவு போனாலோ மருத்துவரைப் பார்த்து, ஹீமோகுளோபின், தைராய்டு பரிசோதனை, ஸ்கேன் மூன்றையும் செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை தேவைப்படும். போக்கு நாட்களில் மட்டும் சாப்பிட்டு ரத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் உண்டு. ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் பிரச்சினை முன்பு இருந்திருந்தால் சொல்லிவிடுங்கள், எல்லாருக்கும் அவை ஒத்துவராது.