பக்கத்து வீட்டுச் சத்தம்: புது ஃப்ளாட்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சார், மேடவாக்கத்தில் புது ஃப்ளாட். பக்கத்து வீட்டு டிவி செய்தி எங்கள் பெட்ரூமில் வார்த்தைக்கு வார்த்தை கேட்கிறது. சுவரில் ஃபோம் ஷீட் ஒட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது, தயவுசெய்து அதில் பணத்தைப் போடாதீர்கள். ஃபோம் உங்கள் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். சுவரைத் தாண்டி வருவதைத் தடுக்கக் கனம் வேண்டும், இல்லையென்றால் இடைவெளி விட்டு இன்னொரு சுவர் வேண்டும். ஆனால் பேச்சு இவ்வளவு தெளிவாகப் புரிகிறது என்றால் நான் முதலில் தேடுவது ஓட்டையைத்தான். சுவர் போய் பீமின் அடியைத் தொடும் இடத்தில் கலவையைச் சரியாக அடைக்காமல் மேலே பூசிவிட்டுப் போயிருப்பார்கள், ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதற்கு மேலே பூச்சுகூட இருக்காது. அடுத்தது சுவிட்ச் பாக்ஸ். இரண்டு வீட்டுக்கும் ஒரே இடத்தில் எதிரெதிராக வெட்டியிருந்தால் நடுவில் சுவரே மிஞ்சாது. அவர்கள் டிவி ஓடும்போது சுவரோரமாகக் காதை வைத்துக்கொண்டே நகருங்கள், எங்கே சத்தம் கூடுகிறது என்று பிடித்துவிடலாம். பாக்ஸைத் திறப்பதை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கேள்வி: அதெல்லாம் பார்த்தாச்சு அண்ணா, ஓட்டை இல்லை. நாலு இஞ்சு ஏஏசி பிளாக் சுவர்.

பதில்: அப்படியென்றால் சுவர்தான் காரணம். ஏஏசி என்பது உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல். வெயிலைத் தாங்கும், கட்டடத்துக்குப் பளுவும் குறைவு, ஆனால் அந்த லேசான எடைதான் இங்கே பிரச்சினை. செங்கல் அதைப்போல மூன்று மடங்கு கனம். உங்கள் பக்கம், பழைய சுவரைத் தொடாமல் ஒரு இஞ்சு தள்ளி ஜிஐ ஃப்ரேம் (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) நிறுத்தி, உள்ளே 50 மி.மீ. ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) வைத்து, 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு, ஜாயின்ட் ஒன்றின்மேல் ஒன்று வராமல் அடிக்கச் சொல்லுங்கள். ஓரமெல்லாம் இடுக்கை அடைக்கும் சீலன்ட். அறையில் நாலு இஞ்சு போகும். வேலையாள் ‘ஸ்ட்ராங்கா இருக்கும்’ என்று ஃப்ரேமைப் பழைய சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ அடிக்கப் பார்ப்பார், விடாதீர்கள், அந்த ஸ்க்ரூ வழியாகவே சத்தம் வந்துவிடும்.

கேள்வி: பில்டர் "எல்லா ஃப்ளாட்டிலும் இப்படித்தான்" என்கிறார்.

பதில்: சொல்வார். 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டம் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்), பிரிவு 14(3): வீட்டை ஒப்படைத்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையையோ வேலைத்தரக் குறையையோ நீங்கள் தெரிவித்தால், 30 நாளில் அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். வெறுமனே ‘சத்தம் கேட்கிறது’ என்று எழுதாமல் உங்கள் சுவரில் இருக்கும் குறையை, உதாரணமாக ‘பீம் அடியில் சுவர் அடைக்கப்படவில்லை’ என்று, போட்டோவோடு எழுதுங்கள். ஒப்பந்தத்தில் சுவர் எத்தனை இஞ்சு என்று போட்டிருக்கிறது என்பதையும் எடுத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா காலை ஐந்து மணிக்கு மிக்ஸி போடுகிறார், குழந்தை எழுந்துவிடுகிறது. சண்டை போட மனசில்லை.

பதில்: சண்டையே வேண்டாம். மிக்ஸி நிற்கும் கிரானைட் மேடை பொதுச் சுவருக்குள் செருகியிருக்கும், அதிர்வு நேராகச் சுவருக்குள் இறங்குகிறது, அதனால் உங்கள் பக்கம் என்ன ஒட்டினாலும் பாதிதான் பலன். மிக்ஸிக்கு அடியில் தடிமனான ரப்பர் மேட் போட்டு, அதைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தாலே நன்றாகக் குறையும். மேட்டை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். அதற்கு முன் ஒருநாள் அவரை உங்கள் அறையில் உட்கார வைத்து, அவர் வீட்டு மிக்ஸியை ஓடவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். இவ்வளவு கேட்கிறது என்று பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது.