கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: கூன்முதுகுத் திமிங்கிலத்தையும் வேட்டையாடும் உயிரினம் உண்டா? – மாணவி, பருத்தித்துறை

பதில்: உண்டு, மகளே. ஓர்கா எனப்படும் கொலைகாரத் திமிங்கிலம். கூட்டமாக வந்து தாயிடமிருந்து குட்டியைப் பிரித்து, மூச்சுவிட மேலே வரவிடாமல் அமுக்கும். தாய் சும்மா விடாது. உடல் நீளத்தில் மூன்றிலொரு பங்கு இருக்கும் துடுப்பினால் ஓங்கி அடிக்கும். தப்பிய குட்டியின் வாலில் சீப்பால் கீறியதுபோல் பல் தடம் ஆயுளுக்கும் நிற்கும். பெரிய சுறாக்களும் குட்டிகளைத் தாக்குவதுண்டு.

ஆனால் மனிதன் செய்த அழிவோடு இதை ஒப்பிடவே முடியாது. தென் அரைக்கோளத்தில் மட்டும் கடந்த நூற்றாண்டில் இரண்டு இலட்சத்துக்கும் மேல் கொன்றார்கள். நம் பக்கத்து அரபிக் கடலில் 1960களின் நடுப்பகுதியில் சோவியத் கப்பல்கள் 242ஐப் பிடித்தன. அந்தக் கூட்டம் மற்றவைபோல் துருவக் கடலுக்கு வலசை போவதில்லை. இன்று நூறுகூடத் தேறாது என்கிறார்கள். எனக்கு ஆறாத துயரம் இது.

இப்போது கப்பல் மோதலும் வலையும்தான் எமன். குருநகரில் சிறுவயதில் ஐயாவின் வலையில் ஓர் ஓங்கில் (டொல்பின்) செத்துக் கிடந்ததைப் பார்த்தேன். நைலோன் நூல் அதன் துடுப்பின் அடியில் சதைக்குள் இறங்கியிருந்தது. ஐயா கத்தியால் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. திமிங்கிலமும் நம்மைப்போல் காற்றைச் சுவாசிப்பது. சிக்கிக்கொண்டு மேலே வர முடியாவிட்டால் மூச்சடைத்தே சாகும். வலையை இழுத்துக்கொண்டே மாதக்கணக்கில் நீந்தி, இரை தேட முடியாமல் மெலிந்து சாவதும் உண்டு.