தாம்பரம் பக்கம் கறந்த பால் நேரடியாக எப்படி வாங்குவது?

தாம்பரத்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், மாடு வைத்திருப்பவரிடமே பால் வாங்க வேண்டும் என்கிறீர்கள். சரி, பக்கத்துக் கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு நாள் காலையில் போய் நில்லுங்கள். மாட்டுக்காரர்கள் கேனோடு அங்கே வருவார்கள். யார் பாலில் கொழுப்பு அதிகம் என்பது அங்கே பால் அளப்பவருக்குத் தெரியும். புண்ணாக்கு, தவிடு விற்கும் கடையிலும் விசாரிக்கலாம்.

ஆள் கிடைத்ததும் கறக்கும் நேரத்தில் தொழுவத்துக்கே போங்கள். மடியைக் கழுவுகிறார்களா, பாத்திரம் சுத்தமா என்று பாருங்கள். மாட்டுக்கு ஊசி போட்ட நாட்களில் பாலை ஒதுக்குவார்களா என்றும் தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம், பொங்கக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். மனிதருக்குக் காய்ச்சல் தரும் புருசெல்லா கிருமியும் காசநோய்க் கிருமியும் நோஞ்சான் மாட்டின் பாலில் மட்டும் இருப்பதில்லை. கொழுகொழு மாட்டின் பாலிலும் இருக்கலாம். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பச்சைப் பால் வேண்டவே வேண்டாம்.