இரவில் தோட்டத்துக்கு வருவது எது? கேமராவும் பைனாகுலரும் வாங்கும் முன்

கேள்வி: கோத்தகிரி பக்கம், தேயிலைத் தோட்டத்துக்கும் சோலைக்கும் நடுவில் எங்கள் வீடு. காலையில் எழுந்தால் காட்டெருமைக் குளம்படியும் கரடி எச்சமும் கிடக்கின்றன, நேரில் பார்த்ததில்லை. தானாகப் படமெடுக்கும் டிரெயில் கேமரா ஆன்லைனில் ‘48 மெகாபிக்சல்’ என்று மலிவாகவே கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்த 48ஐ நம்பி வாங்காதீர்கள். மலிவு மாடல்கள் பலவற்றில் படம் பதியும் சென்சாரின் அசல் அளவு அதில் சிறு பங்குதான். மீதிப் புள்ளிகளை மென்பொருள் இட்டு நிரப்புகிறது. படத்தின் அளவு பெருகுமே தவிர தெளிவு கூடாது. அசல் மெகாபிக்சல் எவ்வளவு என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வருபவை இரவில் வருவதால் அகச்சிவப்பு விளக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 850 நானோமீட்டர் அலைநீள விளக்கு தூரம் போகும். ஆனால் மங்கலாகச் சிவப்புப் புள்ளிகள் தெரியும், விலங்கு நின்று அதையே பார்க்கும். 940 நானோமீட்டர் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, எட்டும் தூரம் குறைவு. வீட்டுத் தோட்டத்துக்கு 940 போதும். மூடுபனி இறங்கிவிட்டால் எவ்வளவு பலமான விளக்கானாலும் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி, படம் வெள்ளையாகத்தான் விழும். அதனால் தூரத்துக்குக் காசு கொடுப்பதைவிட, தடத்துக்குப் பக்கத்தில் வைப்பதே மேல்.

தடத்திலிருந்து 3, 4 மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்தில், தடத்தைச் சாய்வாகப் பார்க்கும்படி கட்டுங்கள். நேர் குறுக்காக வைத்தால், கேமரா விழிப்பதற்குள் விலங்கு கடந்துபோய் வால் மட்டும் பதிவாகும். முகப்பு வடக்கு நோக்கியிருந்தால் காலை, மாலை வெயில் லென்ஸில் அடிக்காது. முன்னால் உள்ள புல்லையும் தாழ்ந்த கிளையையும் கழித்துவிடுங்கள். விலங்கு வருவதை உணரும் சென்சார் வெப்ப மாற்றத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. வெயிலில் சூடான இலை காற்றில் ஆடினாலே படமெடுத்துத் தள்ளி, மெமரி அட்டையையும் பேட்டரியையும் தீர்த்துவிடும்.

மழைக்குப் பயந்து பலர் ஜன்னலுக்கு உள்ளே வைத்துவிடுகிறார்கள். விலங்கின் உடல்வெப்பம் கண்ணாடியைத் தாண்டி சென்சாருக்கு எட்டாது. இரவில் விளக்கும் கண்ணாடியிலேயே பட்டு எதிரொளிக்கும். வெளியேதான் வைக்க வேண்டும். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் மண், எறும்பு இல்லாமல் துடைத்து, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வளையம் சரியில்லாத கேமராதான் முதலில் போகும்.

பேட்டரிச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பல மாடல்களுக்கு 8 ஏஏ செல் வேண்டும். சாதாரண அல்கலைன் செல் மார்கழிக் குளிரில் சீக்கிரம் தளரும். லித்தியம் ஏஏ தாங்கும். ரீசார்ஜ் செல் ஒவ்வொன்றும் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2தான் தருகிறது. சில கேமராக்கள் அதைத் தீர்ந்த பேட்டரி என்று எடுத்துக்கொண்டு இரவில் அணைந்துவிடும். ரீசார்ஜ் செல் ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

படம் நன்றாக வரட்டும் என்று பலாப்பழமோ மீந்த சோறோ வைக்கவே கூடாது. வீட்டில் தீனி கிடைக்கும் என்று கரடி ஒருமுறை கற்றுக்கொண்டால், அடுத்து சமையலறைக் கதவைத்தான் தேடி வரும். அதன் விலையைக் கரடியும் கொடுக்கும், அக்கம்பக்கத்தாரும் கொடுப்பார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், இரை வைப்பதையும் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. கேமராவை உங்கள் பட்டா நிலத்தில் மட்டும் வையுங்கள். காப்புக்காட்டுக்குள் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் நடக்கும் வழியை நோக்கி வைக்காதீர்கள்.

கேள்வி: வராண்டாவிலிருந்தே பார்க்க பைனாகுலர் வேண்டும். ‘1000 மீட்டர் வரை தெரியும்’ என்று ஒன்றைக் காட்டுகிறார்கள்.

பதில்: அதில் ‘126மீ/1000மீ’ என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 1000 மீட்டர் தள்ளி 126 மீட்டர் அகலம் கண்ணில் விழும் என்பதே அதன் பொருள். எட்டும் தூரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

8x42 வாங்குங்கள், அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸின் அகலம் 42 மில்லிமீட்டர். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25, அத்தனை மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றை கண்ணுக்குள் வருகிறது. கையடக்கமான 10x25இல் இது 2.5தான். நடுப்பகலில் வித்தியாசம் தெரியாது. விலங்கு வெளியே வரும் அந்தி நேரத்தில், சிறியதில் புதரும் காட்டெருமையும் ஒரே கறுப்பாகத் தெரியும். நைட்ரஜன் நிரப்பி மூடியதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மலை ஈரத்தில் உள்ளே ஆவி படிந்து பூஞ்சை பிடிக்கும். கண்ணாடி போடுபவர் ‘ஐ ரிலீஃப்’, அதாவது முழுக் காட்சியும் தெரிய லென்ஸிலிருந்து கண் இருக்கக்கூடிய தூரம், 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளவும். சிவப்பாக மின்னும் லென்ஸ், 10-30 ஜூம் இரண்டையும் தவிருங்கள். கடையில் எதிரே உள்ள பெயர்ப்பலகையை ஒரு நிமிடம் பாருங்கள். எழுத்து இரட்டையாகத் தெரிந்தாலோ கண் வலித்தாலோ குழல்கள் நேராக இல்லை, வேறொன்று கேளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய கேமராவில் இரவுப் படம் கறுப்பாகவே வருகிறது. விற்றவர் பதில் சொல்வதில்லை.

பதில்: புது செல் போட்டு, அட்டையைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்து, இருட்டறையில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவே சான்று. பில்லோடு தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால், விற்றவர் எந்த ஊர்க்காரரானாலும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.