காலையில் ஒரு மணி நேரம் நடந்தும் சுகர் ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு 46 வயது. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை 9.30 முதல் இரவு 8 மணி வரை நாற்காலிதான். ஆறு மாதத்துக்கு முன் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 7.2. மெட்ஃபார்மின் 500 மி.கி. காலை, இரவு போடுகிறேன். தினமும் விடியற்காலை 5 மணிக்கு ஒரு மணி நேரம் நடக்கிறேன். ஆனாலும் காலைச் சாப்பாட்டுக்குப் பின் 210, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 220 என்று வருகிறது. ஒருநாள் நடைக்கு முன் 124 இருந்தது, நடந்துவிட்டு வந்து பார்த்தால் 138! நடப்பதையே விட்டுவிடலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: விட வேண்டாம். நடையில் குறையில்லை, அது விழுகிற நேரம்தான் உங்களுக்குப் பொருந்தவில்லை.

முதலில் அந்த 138. வீட்டு குளுக்கோமீட்டர் 100-க்கு மேல் 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம் என்று தரவிதியே அனுமதிக்கிறது. 124-க்கும் 138-க்கும் உள்ள வித்தியாசம் அதற்குள் அடங்கிவிடும். உண்மையாகவே ஏறியிருந்தாலும் பயமில்லை. விடியற்காலையில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடுவதால் கல்லீரல் தானாகவே சர்க்கரையை ரத்தத்தில் சேர்க்கும். வெறும் வயிற்றில் விறுவிறுவென்று நடந்தால் அட்ரினலினும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடும். சற்று நேரத்தில் அது தணிந்துவிடும்.

உங்கள் சிக்கல் 210-லும் 220-லும் இருக்கிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குள் இருக்க வேண்டும். உடம்பில் சர்க்கரைக்குப் பெரிய கிடங்கு தசைதான். கல்லீரல் சுமார் 100 கிராம் வைத்துக்கொண்டால், தசைகள் எல்லாம் சேர்ந்து 400 கிராம் வரை வைத்துக்கொள்ளும். உங்களுக்கு இன்சுலின் சுரந்தாலும் தசை அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் சொல்லாமலேயே குளுட்-4 என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே இழுக்கும். நீங்கள் 6 மணிக்கு நடையை முடித்துவிடுகிறீர்கள். 8.30-க்கு இட்லி சாப்பிட்டு, வண்டியில் போய் உட்கார்ந்துவிடுகிறீர்கள். சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேளையில் கிடங்கின் ஆட்கள் எல்லாம் ஓய்வில் இருக்கிறார்கள். (நடை முடிந்ததும் டீக்கடையில் சர்க்கரை போட்ட டீயும் வடையும் வழக்கமென்றால், அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.)

அந்த ஒரு மணி நேரத்தைப் பிரித்துப் போடுங்கள். காலை நடை 25 நிமிடம் போதும். மீதியை மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின் 10 முதல் 15 நிமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்து 15 முதல் 30 நிமிடத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து நடந்தால் ஏற்றத்தின் உச்சியைத் தவறவிடலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். காலையில் வண்டியைக் கடைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் நிறுத்திவிட்டு நடக்கலாம். இரவு நடையை மட்டும் விடாதீர்கள், மொட்டை மாடியே போதும். 9.30-க்குச் சாப்பிட்டு 10-க்குப் படுத்தால் அந்த 220 தூக்கத்திலும் வெகுநேரம் இறங்காது.

கடையில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து மூன்று நிமிடம் அசையுங்கள். நின்றால் மட்டும் போதாது. நாற்காலியில் கை ஊன்றாமல் 10 முறை உட்கார்ந்து எழுந்தால் தொடை வேலை செய்யும். குதிகாலை 20 முறை உயர்த்தி இறக்கினால் கெண்டைக்கால் வேலை செய்யும். பேரேட்டைப் புரட்டிக்கொண்டே செய்யலாம்.

பலரும் விட்டுவிடுவது தசைப் பயிற்சியை. வாரம் இரண்டு மூன்று நாள், இடையில் ஒருநாள் விட்டு, 20 நிமிடம். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலி உட்கார்ந்து எழுவது, தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்குவது, ஒவ்வொன்றும் 10 முதல் 12 முறை, இரண்டு சுற்று. தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். நடையோ வாரம் 150 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. தொடர்ந்து இரண்டு நாள் இடைவெளியும் வேண்டாம். பயிற்சியால் தசை இன்சுலினுக்குச் செவிசாய்க்கும் கூர்மை ஒன்றிலிருந்து மூன்று நாளில் மங்கிவிடும். ஞாயிறன்று மூன்று மணி நேரம் நடந்து வாரக் கடனை அடைக்க முடியாது.

மெட்ஃபார்மின் மட்டும் போடும்வரை நடையால் சுகர் அபாயமாக இறங்குவது அரிது. பின்னால் இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் கிளிமிபிரைடு மாத்திரையைச் சேர்த்தால் கதை வேறு. வியர்வை, படபடப்பு, நடுக்கம் வந்து மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால், 15 கிராம் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

கண் விழித்திரைப் பரிசோதனை இன்னும் செய்யவில்லை என்றால், பாரம் தூக்குமுன் அதை முடித்துவிடுங்கள். வெறுங்காலோடு நடக்க வேண்டாம். இரவில் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மரத்த காலில் கொப்புளம் வந்தாலும் வலிக்காது. நடையில் நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பலன் தெரிய ஒரு சோதனை: ஒரே அளவு இரவுச் சாப்பாட்டை இரண்டு நாள் சாப்பிடுங்கள். முதல் நாள் நடக்காமல், மறுநாள் 15 நிமிடம் நடந்து. இரண்டு நாளும் முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் எண்ணி, மீட்டரில் பாருங்கள். அடுத்த வாரம் இன்னொரு முறை. இரண்டு முறையும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் தட்டில் எத்தனை தோசை விழுகிறது என்று எண்ண வேண்டியதுதான். அந்தக் குறிப்பை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எண்கள் இறங்கினாலும் அவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.